கூறுநிலை இசைத்தொகுப்பியும் அலைவுகாட்டியும்

கூறுநிலை இசைத்தொகுப்பி என்பது தனித்தனி மின்னணுக் கூறுகளைக் கம்பிகளால் ஒன்றோடொன்று இணைத்து ஒலியை உருவாக்கும் இசைக்கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது மாடுலர் சிந்தசைசர் எனப்படுகிறது. அலைவுகாட்டி என்பது நேரத்திற்கேற்ப மாறும் மின்னழுத்தத்தைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் அளவைக் கருவி ஆகும்; ஆய்வகங்களில் இதனை ஆசிலோஸ்கோப் என்று அழைப்பர். இவ்விரண்டையும் இணைக்கும்போது, காதால் கேட்கும் ஒலியலையை மட்டுமன்றி, அவ்வொலியை இயக்கும், காதுக்கு எட்டாத கட்டுப்பாட்டு மின்னழுத்தங்களையும் கண்ணால் காண முடிகிறது. அவ்வாறு காண்பதற்குச் சரியான பிணைப்பு முறையும் சரியான புவி இணைப்பும் தேவை. முதலாவது தவறினால் திரை பொய்யான வடிவத்தைக் காட்டும். இரண்டாவது தவறினால் கருவி பழுதாகும், சில வேளைகளில் உயிருக்கும் ஆபத்து நேரும்.

கூறுநிலை இசைத்தொகுப்பி

1964 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மூக், இசையமைப்பாளர் எர்பர்ட் டாய்ச்சுடன் இணைந்து மின்னழுத்தத்தால் கட்டுப்படுத்தப்படும் இசைத்தொகுப்பியின் முன்மாதிரியை உருவாக்கினார். இதன் அடிப்படைக் கூறுகள் பின்வருமாறு:

• அலையியற்றி: சைன், முக்கோணம், இரம்பப்பல், சதுரம் ஆகிய வடிவங்களில் அலைகளை உருவாக்கும்.
• வடிப்பான்: அலையின் மேற்சுரங்களில் சிலவற்றைக் குறைக்கும் அல்லது நீக்கும்.
• பெருக்கி: ஒலியின் வீச்சைக் கூட்டிக் குறைக்கும்.
• உறை இயற்றி: ஒரு சுரம் எழுந்து, தணிந்து, நிலைத்து, மறையும் போக்கை ஒரு மின்னழுத்தமாகத் தரும்.
• தாழ் அதிர்வெண் அலையியற்றி: நொடிக்குச் சில முறை, அல்லது பல நொடிகளுக்கு ஒரு முறை அசையும் மெதுவான அலையைத் தரும்.

இவற்றுள் முதல் மூன்றும் ஒலியைக் கையாள்பவை. கடைசி இரண்டும் ஒலியை உருவாக்குவதில்லை. மற்றக் கூறுகளின் குமிழ்களை ஒரு கை திருப்பினால் என்ன நிகழுமோ அதனை மின்னழுத்தத்தால் நிகழ்த்துகின்றன.

மூக் கருவியில் சுருதிக்கென ஓர் அளவீடு வகுக்கப்பட்டது. மின்னழுத்தம் 1 வோல்ட் கூடினால் சுரம் ஒரு ஸ்தாயி உயரும். அதாவது அதிர்வெண் இரு மடங்காகும். எனவே ஓர் அரைச்சுரம் என்பது 1 வோல்ட்டில் 12இல் ஒரு பங்கு, ஏறத்தாழ 83 மில்லிவோல்ட் ஆகும். 1990களின் நடுவில் செருமனியின் டோப்பர் நிறுவனம் அறிமுகப்படுத்திய யூரோராக் வடிவமும் இதே அளவீட்டைப் பின்பற்றுகிறது. யூரோராக் கூறுகள் +12, −12 வோல்ட் மின்வழங்கலில் இயங்குகின்றன, 3.5 மில்லிமீட்டர் செருகிகளைப் பயன்படுத்துகின்றன. அவற்றின் ஒலிக் குறிகைகள் உச்சிக்கு உச்சி ஏறத்தாழ 10 வோல்ட் வரை இருக்கும். எல்லாக் கருவிகளும் இந்த அளவீட்டை ஏற்கவில்லை. டான் பக்லா உருவாக்கிய கருவிகளில் ஒரு ஸ்தாயிக்கு 1.2 வோல்ட் என்னும் அளவு பயன்பட்டது.

இந்தியாவில்

அகமதாபாத்தில் 1961 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், 1969 ஆம் ஆண்டு ஒரு மின்னணு இசைக்கூடம் அமைக்கப்பட்டது. அதன் நடுநாயகமாக விளங்கியது ஒரு மூக் கூறுநிலை இசைத்தொகுப்பி. அதனை நிறுவ அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அங்கு வந்தார். 1946 ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஜான் கேஜிற்கு இந்திய இசையைக் கற்பித்த கீதா சாராபாய், மற்றும் அதுல் தேசாய், ஐ. எஸ். மாத்தூர், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் இக்கூடத்தில் இசையமைத்தனர். இவர்களின் ஒலிநாடாக்கள் பல பத்தாண்டுகள் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருந்தன. பிரித்தானியக் கலைஞர் பால் பர்காஸ் அவற்றை ஆய்ந்து வெளிக்கொணர்ந்தார். 1969 முதல் 1972 வரையிலான பதிவுகளின் தொகுப்பு 2023 ஆம் ஆண்டு வெளியானது.

ஒலிநாடா ஒலியை மட்டுமே காக்கிறது. கூறுநிலை இசைத்தொகுப்பிக்கு நினைவகம் இல்லை. இணைப்புக் கம்பிகளைக் கழற்றிக் குமிழ்களைத் திருப்பியவுடன் அவ்வொலியை உருவாக்கிய அமைப்பு மறைந்துவிடும். எந்த மின்னழுத்தம் எந்த வடிவில் எந்தக் கூறுக்குச் சென்றது என்பதை அளந்து எழுதி வைத்தால் மட்டுமே அதனை மீண்டும் அமைக்க இயலும். இதற்குப் பயன்படும் கருவிகளுள் அலைவுகாட்டி முதன்மையானது.

அலைவுகாட்டி

1897 ஆம் ஆண்டில் செருமானிய இயற்பியலாளர் கார்ல் பெர்டினாண்ட் பிரவுன் உருவாக்கிய எதிர்மின்வாய்க் கதிர்க்குழாயே அலைவுகாட்டியின் தொடக்கம். இன்றைய கருவிகள் பெரும்பாலும் எண்ணிமக் கருவிகள். திரையின் கிடை அச்சு நேரத்தையும், குத்து அச்சு மின்னழுத்தத்தையும் குறிக்கும். ஒரு பிரிவுக்கு எத்தனை நொடி, ஒரு பிரிவுக்கு எத்தனை வோல்ட் என்பதைப் பயனர் தேர்வு செய்கிறார். தூண்டல் அமைப்பு, அலையின் ஒரே புள்ளியிலிருந்து ஒவ்வொரு முறையும் வரையத் தொடங்கி, உருவைத் திரையில் நிலையாக நிறுத்துகிறது.

இசைக்கு விலை உயர்ந்த அலைவுகாட்டி தேவையில்லை. மனிதச் செவி கேட்கும் உயர் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் ஆகும். சதுர அலையின் கூர்மையான விளிம்புகளைக் காண அதைவிடக் கூடுதலான அகலம் வேண்டும் என்றாலும், 1 மெகாஹெர்ட்ஸ் பட்டை அகலமே இவ்வேலைக்குப் போதுமானது.

இணைக்கும் முறை

அலைவுகாட்டியின் உள்ளீட்டில் பி.என்.சி. வகை இணைப்பி இருக்கும். யூரோராக் கருவியில் 3.5 மில்லிமீட்டர் ஒற்றைத்தடச் செருகுதுளை இருக்கும். ஒரு முனையில் பி.என்.சி. இணைப்பியும் மறுமுனையில் 3.5 மில்லிமீட்டர் செருகியும் கொண்ட கம்பியே எளிய தீர்வு. செருகியின் நுனி குறிகையையும், அதன் தண்டு பொதுச் சுழிய மின்னழுத்தத்தையும் ஏந்தும். பழைய மூக் கருவிகளுக்கு 6.35 மில்லிமீட்டர் செருகி தேவை.

ஒலி தொடர்ந்து கேட்கவும் வேண்டும், திரையில் தெரியவும் வேண்டும் என்றால் குறிகையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இசைத்தொகுப்பிகளில் ஒரு குறிகையைப் பல துளைகளுக்குப் பகிர்ந்தளிக்கும் கூறு இதற்கெனவே உள்ளது. இணைக்கும் வரிசை பின்வருமாறு:

1. இரு கருவிகளையும் இயக்கும் முன்னர், அவை புவி இணைப்புள்ள மூன்று முனை மின்பொருத்திகளில் இணைக்கப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும்.
2. அலையியற்றியின் வெளியீட்டைப் பகிர்வுக் கூறில் செருகி, அதன் ஒரு கிளையை வடிப்பானுக்கும் மற்றொன்றை அலைவுகாட்டிக்கும் கொண்டு செல்ல வேண்டும்.
3. அலைவுகாட்டியில் பிணைப்பு முறையை டி.சி. என்றும், ஆய்முனைப் பெருக்கத்தை நேரடிக் கம்பிக்கு ஏற்ப 1 மடங்கு என்றும் அமைக்க வேண்டும். 10 மடங்கு என்று இருந்தால் திரையில் காட்டும் எண் உண்மையைப் போல் பத்து மடங்காக இருக்கும்.
4. குத்து அளவைப் பிரிவுக்கு 2 வோல்ட் என்றும், கிடை அளவைப் பிரிவுக்கு 2 மில்லிநொடி என்றும் வைத்துத் தொடங்கலாம். 10 பிரிவுகள் கொண்ட திரையில் 261.6 ஹெர்ட்ஸ் சுரம் ஐந்து அலைகளாகத் தெரியும்.
5. தூண்டல் மட்டத்தை அலையின் நடுப்பகுதிக்குக் கொண்டு வந்தால் உரு அசையாமல் நிற்கும்.

அலைவுகாட்டியின் உள்ளீட்டு மின்தடை பொதுவாக 1 மெகா ஓம். இசைத்தொகுப்பிக் கூறுகள் பலவற்றின் வெளியீட்டு மின்தடை 1 கிலோ ஓம் அளவில் இருக்கும். எனவே நேரடிக் கம்பியை இணைக்கும்போது மின்னழுத்தம் ஆயிரத்தில் ஒரு பங்கு குறையலாம். ஒலிக் குறிகைக்கு இது பொருட்டே அன்று. ஆனால் 5 வோல்ட் அளவுள்ள சுருதி மின்னழுத்தத்தில் இது 5 மில்லிவோல்ட். அதாவது ஏறத்தாழ ஓர் அரைச்சுரத்தின் 17இல் ஒரு பங்கு. கூர்ந்த செவி இதனை உணரக்கூடும். சுருதி மின்னழுத்தத்தை அளக்கும்போது 10 மடங்கு ஆய்முனையையோ, இடைத்தாங்கி உள்ள பகிர்வுக் கூறையோ பயன்படுத்துவது நல்லது.

ஏ.சி. பிணைப்பும் டி.சி. பிணைப்பும்

அலைவுகாட்டியின் உள்ளீட்டை இரு முறைகளில் பிணைக்கலாம். டி.சி. முறையில் குறிகை உள்ளது உள்ளவாறே செல்கிறது. ஏ.சி. முறையில் வழியில் ஒரு மின்தேக்கி குறுக்கிடுகிறது. அது மாறாத மின்னழுத்தத்தைத் தடுத்து, மாற்றங்களை மட்டும் விடுகிறது. பல கருவிகளில் இதன் எல்லை 10 ஹெர்ட்ஸ் அளவில் உள்ளது; அதற்குக் கீழான அசைவுகள் படிப்படியாகத் தேய்ந்துவிடும்.

ஒலியலைக்கு இரு முறைகளும் ஏறத்தாழ ஒரே உருவைத் தருகின்றன. கட்டுப்பாட்டு மின்னழுத்தத்திற்கு அவ்வாறன்று. ஒரு சாவியை 2 நொடி அழுத்திப் பிடிக்கும்போது வாயில் குறிகை 0 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு எழுந்து, 2 நொடி அங்கேயே நின்று, பின் 0 வோல்ட்டுக்கு இறங்கும். டி.சி. முறையில் திரை இதனை அப்படியே ஒரு மேடையாகக் காட்டும். ஏ.சி. முறையில் கோடு 5 வோல்ட்டுக்குத் தாவி, நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள் சுழியத்திற்குச் சரிந்துவிடும். சாவியை விட்டவுடன் −5 வோல்ட்டுக்குத் தாவி மீண்டும் சுழியத்திற்கு வரும். அக்குறிகையில் இல்லாத எதிர் மின்னழுத்தம் திரையில் தோன்றுகிறது. இதனைக் கண்டு உறை இயற்றி பழுதாகிவிட்டது என்று கருதுவது தொடக்கநிலையில் எளிதில் நேரும் தவறு ஆகும்.

மெதுவான குறிகைகளைக் காணக் கிடை அளவைப் பிரிவுக்கு 200 அல்லது 500 மில்லிநொடி என வைக்க வேண்டும். அப்போது அதே திரையில் ஒலியலையையும் பார்க்க முயன்றால் எண்ணிமக் கருவி ஏமாற்றக்கூடும். மெதுவான அளவில் சில கருவிகள் மாதிரி எடுக்கும் வேகத்தைக் குறைத்துக்கொள்வதால், விரைவான அலை ஒன்று மெதுவான அலையைப் போலப் பொய்யுருக் கொள்ளும். கிடை அளவை மாற்றும்போது அலையின் அதிர்வெண்ணும் மாறுவது போலத் தோன்றினால் அது பொய்யுருவே.

புவி இணைப்பும் பாதுகாப்பும்

மின்வலையிலிருந்து இயங்கும் அலைவுகாட்டியின் பி.என்.சி. இணைப்பியின் வெளியுறை, மின்பொருத்தியின் மூன்றாம் முனை வழியாகப் புவியுடன் இணைக்கப்பட்டிருக்கும். எல்லாத் தடங்களின் வெளியுறைகளும் உட்புறத்தில் ஒன்றே. இதிலிருந்து மூன்று விதிகள் பெறப்படுகின்றன.

முதலாவது, ஆய்முனையின் தரைக்கவ்வியை இசைத்தொகுப்பியின் பொதுச் சுழியத்தில் மட்டுமே இணைக்க வேண்டும். திறந்த நிலையில் உள்ள மின்சுற்றுப் பலகையில் அதனை +12 வோல்ட் தடத்தில் மாட்டினால், அத்தடம் நேரே தரையுடன் குறுக்குச் சுற்றாகலாம். அலைவுகாட்டியின் உள்ளீடு 12 வோல்ட்டை எளிதில் தாங்கும்; பழுதாவது இசைத்தொகுப்பியே.

இரண்டாவது, அலைவுகாட்டியின் புவி முனையை ஒருபோதும் துண்டிக்கக் கூடாது. இரைச்சலைக் குறைக்கும் பொருட்டு அம்முனையை வெட்டிவிடும் வழக்கம் சில பட்டறைகளில் இருந்ததுண்டு. அவ்வாறு செய்தால், தரைக்கவ்வி எதனைத் தொடுகிறதோ அதன் மின்னழுத்தம் முழுவதும் கருவியின் உலோக உடலில் தோன்றும். 230 வோல்ட் மின்வலையில் இது உயிரைப் பறிக்கும். சுவரில் மூன்று துளைகள் இருப்பதாலேயே புவி இணைப்பு இருப்பதாகக் கொள்ள முடியாது. பழைய வீடுகளில் மூன்றாம் துளைக்குப் பின்னால் கம்பியே இல்லாதிருக்கலாம். தகுதி பெற்ற மின்பணியாளரைக் கொண்டு சோதித்தறிவது இன்றியமையாதது.

மூன்றாவது, ஒலிபெருக்கியை இயக்கும் திறன்பெருக்கியின் வெளியீட்டில் தரைக்கவ்வியை இணைக்கக் கூடாது. பல பெருக்கிகளில் ஒலிபெருக்கியின் இரு முனைகளும் குறிகையைச் சுமக்கின்றன. அவற்றுள் எதுவும் தரை அன்று.

இரு கருவிகளும் தொலைவில் உள்ள வெவ்வேறு மின்பொருத்திகளில் இணைக்கப்பட்டால், 20 மில்லிநொடிக்கு ஒரு முறை வரும் சிற்றலை திரையில் படரலாம். இது இந்திய மின்வலையின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஆகும். இரண்டையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் இணைப்பதே இதற்குத் தீர்வு. புவி முனையை வெட்டுவது அன்று.

கமகமும் மின்னழுத்தமும்

கருநாடக இசையில் சுரங்களுக்கு இடையிலான அசைவு சுரங்களைப் போலவே முதன்மையானது. மெட்டுகளற்ற கோட்டுவாத்தியத்தில் இதனைத் தெளிவாகக் காணலாம். தஞ்சாவூருக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையில் காவிரிப் பாசனப் பகுதியில் அமைந்த பூதலூர், கோட்டுவாத்தியக் கலைஞர் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளின் பெயரால் இசையுலகில் அறியப்படுகிறது. இக்கருவியில் கம்பியின் மேல் ஓர் உருளையை நகர்த்துவதால் சுரம் படிப்படியாக அன்றித் தொடர்ச்சியாக மாறுகிறது. கம்பியின் அதிரும் நீளம் பாதியானால் சுரம் ஒரு ஸ்தாயி உயரும். மீண்டும் பாதியானால் மேலும் ஒரு ஸ்தாயி உயரும். இசைத்தொகுப்பியின் அளவீட்டில் இவ்வொவ்வொரு பாதியும் 1 வோல்ட்டுக்கு ஈடாகும்.

சாவிப்பலகையிலிருந்து வரும் சுருதி மின்னழுத்தத்தை டி.சி. முறையில் பார்த்தால் அது ஒரு படிக்கட்டாகத் தெரியும். அதனை மாற்றத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கூறு வழியாகச் செலுத்தினால் படிகள் சரிவுகளாகும். காதில் சுரங்கள் வழுக்கிச் செல்லும். இதுவே ஜாரு எனப்படும் கமகத்தின் எளிய வடிவம். தாழ் அதிர்வெண் அலையியற்றியிலிருந்து நொடிக்கு 5 முறை அசையும் 83 மில்லிவோல்ட் அலையைச் சுருதி மின்னழுத்தத்துடன் கூட்டினால், ஓர் அரைச்சுர அகலத்தில் கம்பிதம் போன்ற அசைவு உண்டாகும். ஏ.சி. முறையில் இந்த 5 ஹெர்ட்ஸ் அசைவு அதன் உண்மை அளவில் பாதிக்கும் குறைவாகத் தெரியும். அது எந்தச் சுரத்தைச் சுற்றி அசைகிறது என்பதும் மறைந்துவிடும். டி.சி. முறையில் இரண்டும் காணக் கிடைக்கும். எனினும் பாடகரின் கம்பிதம் சைன் அலையைப் போலச் சீரானது அன்று. அது ஒரு சுரத்தில் சற்று நின்று மற்றொன்றைத் தொட்டு மீளும். சைன் அலையால் அமைத்த கமகம் இயந்திரத்தனமாக ஒலிப்பதன் காரணங்களுள் ஒன்று இவ்வாறு திரையிலேயே புலப்படுகிறது.

சுருதியும் லிசாஜு உருவங்களும்

அலைவுகாட்டியின் திரையைக் கொண்டு சுருதியை நேரடியாகச் சேர்க்க இயலாது. பிரிவுக்கு 1 வோல்ட் என்னும் அளவில், 8 பிட் எண்ணிமக் கருவி 8 பிரிவுகளையும் 256 படிகளாகப் பகுக்கிறது. ஒரு படி ஏறத்தாழ 31 மில்லிவோல்ட். சாவிப்பலகையின் அந்தர காந்தாரம் சட்சமத்திலிருந்து 333 மில்லிவோல்ட் உயரத்தில் உள்ளது. 5:4 என்னும் இயல்பு விகிதத்தில் அமைந்த அந்தர காந்தாரமோ 322 மில்லிவோல்ட் உயரத்தில் உள்ளது. தம்புராவுடன் சேர்த்துக் கேட்டால் தெளிவாக உணரப்படும் இந்த 11 மில்லிவோல்ட் வேறுபாடு அத்திரையில் ஒரு படியைக்கூடத் தாண்டாது.

இதற்கு மாற்றாகப் பயன்படுவது எக்ஸ்-ஒய் முறை. இதில் ஓர் அலையைக் கிடை அச்சிலும் மற்றோர் அலையைக் குத்து அச்சிலும் செலுத்தினால் மூடிய வளைவுகள் தோன்றும். 19 ஆம் நூற்றாண்டில் இவற்றை ஆய்ந்த பிரெஞ்சு இயற்பியலாளர் லிசாஜுவின் பெயரால் இவை வழங்கப்படுகின்றன. சட்சம், பஞ்சமம் ஆகிய இரண்டையும் சைன் அலைகளாகச் செலுத்தும்போது, அவை சரியாக 2:3 விகிதத்தில் இருந்தால் உரு அசையாது நிற்கும். சட்சம் 261.6 ஹெர்ட்ஸாக இருக்கையில் பஞ்சமத்தைச் சாவிப்பலகையிலிருந்து எடுத்தால், அது இயல்புப் பஞ்சமத்தைவிட 0.4 ஹெர்ட்ஸ் அளவு தாழ்ந்திருக்கும். அப்போது உரு ஏறத்தாழ நொடிக்கு ஒரு முறை மாறி மீளும். இரண்டு சென்ட் அளவேயான வேறுபாடு இவ்வாறு கண்முன் சுழல்கிறது.

ஒலியைக் கண்ணால் காணும் முயற்சி இப்பகுதிக்குப் புதிதன்று. திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த ச. வெ. இராமன், மிருதங்கத்தின் மேற்சுரங்கள் இசைவான விகிதங்களில் அமைவதை 1920 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். பின்னர் மிருதங்கத் தோலின் மேல் நுண்மணலைத் தூவி, அதிராத கோடுகளில் மணல் சேர்வதைக் கொண்டு அதிர்வு முறைகளைப் பதிவு செய்தார்.

கணினியை அலைவுகாட்டியாகப் பயன்படுத்தல்

அலைவுகாட்டி கிடைக்காதபோது, கணினியின் ஒலி அட்டையையும் இலவச மென்பொருளையும் கொண்டு ஒலியலைகளைப் பார்க்கலாம். இசைத்தொகுப்பியின் 10 வோல்ட் குறிகையை நேரடியாக ஒலி அட்டையில் செலுத்தினால் அட்டை பழுதாகக்கூடும். 100 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ஆகிய இரு மின்தடைகளைத் தொடராக இணைத்து, 10 கிலோ ஓம் மின்தடையின் குறுக்கே குறிகையை எடுத்தால் அது 11இல் ஒரு பங்காகக் குறையும். 10 வோல்ட் ஏறத்தாழ 0.9 வோல்ட் ஆகும். ஒலிவாங்கிக்கான துளையைத் தவிர்த்து, தட உள்ளீட்டைப் பயன்படுத்த வேண்டும். பெரும்பாலான ஒலி அட்டைகள் ஏ.சி. முறையில் மட்டுமே பிணைக்கப்பட்டவை. ஆதலால் உறை, வாயில், சுருதி மின்னழுத்தம் ஆகியவற்றை இவற்றால் உள்ளவாறு காட்ட இயலாது. இவற்றுக்கு ஒரு மல்டிமீட்டர்கூட ஒலி அட்டையைவிட நம்பகமானது.

வரம்புகள்

திரையில் வேறுபட்டுத் தெரியும் இரு அலைகள் காதுக்கு ஒன்றுபோல் ஒலிக்கலாம். மேற்சுரங்களின் அளவு மாறாமல் அவற்றின் கட்டம் மட்டும் மாறினால், அலையின் உரு பெரிதும் மாறும். நிலையான ஒலியில் செவி இதனைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. மறுபுறம், காது எளிதில் உணரும் சிறு சுருதிப் பிழை திரையில் தென்படாமல் போகலாம். எனவே அலைவுகாட்டி செவிக்கு மாற்று அன்று. ஒலி ஏன் அவ்வாறு ஒலிக்கிறது என்பதற்கான காரணத்தைத் தேடவும், கம்பிகளைக் கழற்றும் முன் ஓர் இணைப்பமைப்பின் மின்னழுத்தங்களை அளந்து குறித்து வைக்கவும் அது பயன்படுகிறது. குறிப்பேட்டில் குமிழ்களின் நிலையுடன் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக் குறிகையின் தாழ்ந்த அளவு, உயர்ந்த அளவு, கால அளவு, பிணைப்பு முறை ஆகிய நான்கையும் எழுதி வைத்தால், அதே ஒலிக்கு மிக நெருக்கமான அமைப்பை வேறொருவர் வேறொரு கருவியிலும் மீண்டும் உருவாக்க முடியும்.